பத்தாயிரம் லூமென், நாலு மணி நேரம்: டைவிங் டார்ச்சின் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் லாஞ்சுகள் (விசைப்படகுகள்) வரிசையாக நிற்கும் அந்த நாட்களில்தான் அடிப்பலகை பார்ப்பது, புரொப்பல்லரைச் சரிசெய்வது, பெயின்ட் அடிப்பது எல்லாம் நடக்கும். தண்ணீருக்குள் இறங்கி வேலை பார்க்க விரும்பும் பையன்கள் சாமான் சேர்ப்பதும் பெரும்பாலும் அப்போதுதான். மாஸ்க்கை முகத்தில் வைத்துப் பார்க்கலாம், கத்தியின் கூரைத் தொட்டுப் பார்க்கலாம். டார்ச்சைக் கடையில் போட்டுப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லா டார்ச்சும் கண்ணைக் கூசத்தான் செய்யும்.

“அண்ணே, இது எவ்ளோ நேரம் எரியும்?”

“பத்தாயிரம் லூமென் தம்பி. நாலு மணி நேரம் தாராளமா வரும்.”

லூமென் என்பது டார்ச் மொத்தமாக வெளிவிடும் வெளிச்சத்தின் அளவு. இந்தப் பதிலை நம்பித் தண்ணீருக்குள் போகக் கூடாது. படகின் அடியில், கயிறு சுற்றிய புரொப்பல்லருக்குப் பக்கத்தில், வெளிச்சம் திடீரென்று மங்கினால் அது உயிர் விஷயம். வெளிச்சத்தையும் பேட்டரியையும் நீங்களே அளந்து பார்க்க முடியும். அதற்கு ஒரு வாளி, ஒரு செல்போன், ஒரு நோட்டு, கொஞ்சம் பொறுமை போதும். ஸ்கூபா கற்றுக்கொண்டு அந்தமான் போகத் திட்டமிடுபவர்களுக்கும் இதே வழிதான்.

முதலில் பெருக்கிப் பாருங்கள்

வெளிச்சமும் நேரமும் ஒரே பேட்டரியிலிருந்து வருபவை. ஒரு குடம் தண்ணீரைப் போலத்தான்: மடமடவென்று ஊற்றினால் சீக்கிரம் தீரும், மெல்ல ஊற்றினால் கூட வரும், இரண்டு விதத்திலும் குடத்தின் அளவு மாறாது. பெட்டியில் வெளிச்சத்தையும் நேரத்தையும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். நீங்கள் இரண்டையும் பெருக்குங்கள்.

டைவிங் டார்ச்சில் அதிகம் வருவது 18650 செல். 18 என்பது மில்லிமீட்டரில் அதன் குறுக்களவு, 65 என்பது நீளம். இந்த அளவுள்ள நல்ல செல்லில் சுமார் 3,500 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) கொள்ளளவு இருக்கும். அதற்கு மேல் பெரிதாகப் போகாது. 3.5 ஆம்பியர் மணியைச் சராசரி மின்னழுத்தமான 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட்-மணி. இன்றைய டார்ச்களில் எல்இடி, லென்ஸ், சர்க்யூட் இழப்பெல்லாம் போக ஒரு வாட்டுக்கு 80 முதல் 120 லூமென் வரை கண்ணாடிக்கு வெளியே வரும். கணக்குக்கு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக ஒரு 18650 செல்லிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய 1,260 லூமென்-மணி. அதாவது 1,260 லூமென் ஒரு மணி நேரம், அல்லது 630 லூமென் இரண்டு மணி நேரம்.

கடைக்காரர் சொன்னதைப் பெருக்கினால் 40,000 வருகிறது. உள்ளே இருப்பது ஒரே ஒரு செல் என்றால் முப்பது மடங்குக்கும் மேல் பொய். அதோடு, 10,000 லூமெனுக்கு 100 வாட் வேண்டும். 3.6 வோல்ட் செல் ஒன்று அதைத் தர வேண்டுமானால் 28 ஆம்பியர் ஓட வேண்டும். 3,500 எம்ஏஎச் செல் அந்த ஓட்டத்தைத் தாங்காது. தாங்கினாலும் எட்டு நிமிடத்துக்குள் காலியாகிவிடும்.

இன்னொரு பெட்டியில் இரண்டு 18650 செல், 2,000 லூமென், ஒரு மணி இருபது நிமிடம் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் சுமார் 2,670. இரண்டு செல்லின் கணக்கு 2,520. இது நம்பக்கூடிய பேச்சு. இந்த டார்ச்சை வாங்கி அளந்து பார்க்கலாம். கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் தாண்டினால் அளக்கவே வேண்டாம், அடுத்த கடைக்குப் போங்கள்.

21700 என்ற கொஞ்சம் பெரிய செல்லில் 5,000 எம்ஏஎச் சாதாரணம், அதாவது 18 வாட்-மணி. 26650 செல்லிலும் நல்லது என்றால் அதே சுற்றுவட்டம்தான். செல்லின் எண்ணிக்கையும் அளவும் தெரிந்தால் கடையில் நின்றபடியே கணக்கு முடிந்துவிடும்.

“ஆறு எல்இடி இருக்கு பாருங்க” என்று காட்டுவார்கள். க்ரீ நிறுவனத்தின் எக்ஸ்எம்-எல்2 மாதிரியான ஒரு எல்இடி, 10 வாட் ஓடினால் ஆயிரம் லூமென் சுற்றுவட்டத்தில் தரும். ஆறு இருந்தால் ஆறாயிரம் என்று கணக்குப் போடத் தோன்றும். அதற்கு 60 வாட் வேண்டும். பேட்டரி 15 வாட்தான் கொடுக்கிறது என்றால் ஆறும் சேர்ந்து அந்த 15 வாட்டைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும்.

செல்லைத் தனியாகப் பாருங்கள்

மேலே 9,900 எம்ஏஎச் என்று அச்சடித்த 18650 செல்கள் தாராளமாக விற்கின்றன. அந்த அளவுக் குழாயில் அவ்வளவு கொள்ளளவு அடைக்க இன்று வழியில்லை. எண்ணைப் பார்த்ததுமே ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது எடை. நல்ல 18650 செல் 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். 21700 செல் 70 கிராம் பக்கம். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். 30 கிராம் காட்டினால் உள்ளே சரக்கு குறைவு. எடை சரியாக இருப்பதால் மட்டும் செல் நல்லது ஆகிவிடாது, எடைக்காக எதையாவது அடைத்தும் விற்கிறார்கள். ஆனால் எடை குறைந்தால் அது நிச்சயம் மட்டம்.

இந்தியாவில் விற்கும் லித்தியம் செல்லுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் செல்லிலோ பெட்டியிலோ இருக்கிறதா பாருங்கள்.

கொள்ளளவை அளக்க இரண்டு வழி. செல்லைக் கழற்றும் வகை டார்ச் என்றால், கொள்ளளவு காட்டும் சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றி, இறக்கி, எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். டார்ச்சிலேயே யூஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஏற்றும் வகை என்றால் நடுவில் ஒரு யூஎஸ்பி மீட்டரைச் செருகுங்கள். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும் சின்னச் சாமான்தான். டார்ச் தானாக அணையும்வரை எரியவிட்டு, பிறகு காலியிலிருந்து முழுசுவரை ஏற்றும்போது மீட்டர் காட்டும் வாட்-மணியில் ஐந்தில் நான்கு பங்குதான் பேட்டரியில் தங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 15 காட்டினால் உள்ளே 12 இருக்கிறது. மேலே சொன்ன கணக்கில் இந்த எண்ணைப் போட்டு மறுபடி பெருக்குங்கள். விற்றவர் சொன்ன எண்ணைவிட இது உறுதியானது.

இரண்டு செல் போடும் டார்ச்சில் பழசும் புதுசும் கலக்காதீர்கள். ஒன்று முன்னால் காலியாகி, மற்றது அதை அளவு மீறி இறக்கும். அது சூடேறி வெடிக்கவும் கூடும்.

வாளிச் சோதனை

முழுச் சோதனை இதுதான். ஒரு ராத்திரி ஒதுக்குங்கள்.

டைவிங் டார்ச் தண்ணீரால் குளிரும்படி செய்யப்பட்டது. வெளியே முழு வெளிச்சத்தில் எரியவிட்டால் சில நிமிடத்தில் கொதித்துவிடும். நல்ல டார்ச் என்றால் தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், மட்டமான டார்ச் எல்இடியைக் கருக்கிக்கொள்ளும். அதனால் வாளி வேண்டும். 15 லிட்டர் தண்ணீரில் 20 வாட் டார்ச் ஒரு மணி நேரம் எரிந்தாலும் தண்ணீர் ஒரு டிகிரிதான் சூடாகும். வாளித் தண்ணீர் போதுமா என்ற கவலை வேண்டாம்.

வெள்ளைக் கூரையுள்ள சின்ன அறையாகப் பாருங்கள். பாத்ரூம் நல்ல இடம். ஜன்னலை மூடி இருட்டாக்குங்கள். டார்ச் நிமிர்ந்து நின்று கண்ணாடி கூரையைப் பார்க்கும்படி வாளிக்குள் வையுங்கள். சாய்ந்தால் ஒரு கனமான டம்ளருக்குள் நிறுத்திக் கல்லால் அண்டை கொடுக்கலாம். கண்ணாடிக்கு மேல் நான்கு விரல் தண்ணீர் இருக்கட்டும்.

போனில் லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். லக்ஸ் என்பது ஓரிடத்தில் வந்து விழும் வெளிச்சத்தின் அளவு. ஆண்ட்ராய்டு போனில் வெளிச்சம் அறியும் சென்சார் பொதுவாகத் திரைக்கு மேலே, காதில் வைக்கும் ஸ்பீக்கர் பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கம் கூரையைப் பார்க்கும்படி ஒரு ஸ்டூலில் வையுங்கள். டார்ச்சின் ஒளி நேராகப் படக் கூடாது, கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் படவேண்டும். ஒருமுறை வைத்த போனைச் சோதனை முடியும்வரை அசைக்காதீர்கள். ஒரு போன் காட்டும் லக்ஸும் இன்னொரு போன் காட்டும் லக்ஸும் ஒத்துப்போகாது, அதனால் பாதகமில்லை. நமக்கு வேண்டியது ஒரே போனில் முதலும் கடைசியும் எப்படி மாறுகிறது என்பதுதான்.

முழுச் சார்ஜுடன் டார்ச்சை உச்ச வெளிச்சத்தில் போடுங்கள். 30 நொடியில் ஒரு எண் எழுதுங்கள். பிறகு 2, 3, 5, 10 நிமிடத்தில். அதற்குப் பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. இன்னொரு போன் கிடைத்தால் லக்ஸ் காட்டும் திரையை டைம்லாப்ஸ் வீடியோ எடுத்துக்கொண்டு பிறகு நிதானமாக எழுதலாம். அப்போதும் பக்கத்திலேயே இருங்கள். லித்தியம் பேட்டரியைக் காலியாகும்வரை ஓட்டும்போது ஆள் இல்லாமல் விடக் கூடாது. வெளிச்சம் முதல் எண்ணில் பத்தில் ஒரு பங்குக்கு வந்ததும் அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் இழுத்தால் செல்லுக்குக் கேடு.

மீட்டர் எதற்கு, கண்ணால் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. வெளிச்சம் மெல்ல மெல்லப் பாதியானால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, கண் பழகிக்கொள்ளும். இரண்டு மடங்கு வெளிச்சம் என்று நமக்குத் தோன்ற உண்மையில் நான்கு மடங்கு பக்கம் வேண்டியிருக்கிறது. இந்த ஏமாற்றத்தை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது.

எண்களை வாசிப்பது

நோட்டில் எழுதியதைக் கிடைமட்டமாக நேரம், மேலே லக்ஸ் என்று வரைந்து பாருங்கள். மூன்று விதமான கோடு வரும்.

சில டார்ச்சில் கோடு நேராகப் போய்க் கடைசியில் படிபோலக் கீழே விழும். சர்க்யூட் வெளிச்சத்தைச் சீராகப் பிடித்துவைத்திருக்கிறது, பேட்டரி தீரும்போது கீழ்ப்படிக்கு இறக்குகிறது. தண்ணீருக்குள் வேலை செய்ய எனக்குப் பிடித்தது இதுதான். கீழ்ப்படியில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மேலே ஏறி வர அந்த நேரம் வேண்டும். எச்சரிக்கையே இல்லாமல் பட்டென்று இருட்டாகும் டார்ச் எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் வேண்டாம்.

சிலதில் முதல் நிமிடத்திலிருந்தே கோடு சரிவாக இறங்கும். பேட்டரியின் வோல்ட் குறையக் குறைய வெளிச்சமும் குறைகிறது. பெட்டியில் போட்ட லூமென் முதல் சில நிமிடத்துக்குத்தான் உண்மை. விலை மலிவு என்றால் துணை டார்ச்சாக வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வகை இரண்டு மூன்று நிமிடத்தில் செங்குத்தாக விழுந்து, பிறகு நீளமாகப் படுத்துக்கிடக்கும். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டார்ச்களை அளக்க ஆன்சி எஃப்எல்1 என்று ஒரு அமெரிக்கத் தரமுறை 2009-இல் வந்தது. அதன்படி லூமெனை டார்ச் போட்ட 30 நொடிக்கும் 2 நிமிடத்துக்கும் நடுவில் அளக்கிறார்கள். எரியும் நேரத்தை வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகும்வரை கணக்கிடுகிறார்கள். ஒரு டார்ச் 3,000 லூமெனில் மூன்று நிமிடம் எரிந்து, பிறகு 800 லூமெனுக்கு இறங்கி மூன்று மணி நேரம் எரிகிறது என்றால், பெட்டியில் 3,000 லூமென், 3 மணி நேரம் என்று அச்சடிக்கத் தரமுறை இடம் கொடுக்கிறது. ஆனால் நீங்கள் வேலை செய்யப்போவது 800 லூமெனில்தான். பெருக்கல் கணக்கு இதையும் காட்டிக்கொடுக்கும்: 3,000 பெருக்கல் 3 என்றால் 9,000, இரண்டு செல் தருவதோ 2,500.

ஆகவே பெட்டியின் நேரத்தை அடித்துவிட்டு உங்கள் நோட்டில் ஒரே ஒரு எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். முதல் எண்ணில் பாதியாகக் குறையும்வரை எத்தனை நிமிடம்? அதுதான் அந்த டார்ச்சின் நேரம். அது மூன்று நிமிடம் என்று வந்தால் அடுத்த தாழ்ந்த வெளிச்ச நிலையில் போட்டு மறுபடி சோதனை செய்யுங்கள். வேலைக்கு அந்த நிலையைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

உண்மையான லூமென் எவ்வளவு என்று தெரிய, லூமென் நிச்சயமாகத் தெரிந்த ஒரு டார்ச்சைக் கடன் வாங்கி அதே வாளியில், அதே இடத்தில் வைத்து, 30 நொடி எண்ணை ஒப்பிடுங்கள். அந்த 1,000 லூமென் டார்ச் 40 லக்ஸ் காட்டி உங்களுடையது 60 காட்டினால் உங்களுடையது 1,500 பக்கம். கற்றையின் அகலம் வேறுபட்டால் கொஞ்சம் முன்பின் ஆகும். ஆயிரமா பத்தாயிரமா என்ற சந்தேகம் தீர இது தாராளம்.

கலங்கல் தண்ணீரில் லூமென் மட்டும் போதாது

எங்கள் பக்கத்துக் கடலை மனதில் வைத்து வாங்குங்கள். துறைமுகத்துக்குள் சேறு, எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து வரும் வண்டல், ஐப்பசி கார்த்திகை மழையில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் மண். கை நீட்டினால் விரல் தெரியாத நாட்கள் உண்டு. அங்கே அகலமாக விரியும் விளக்கைப் போட்டால் தண்ணீரில் மிதக்கும் தூசி முழுவதும் ஒளிர்ந்து கண்ணுக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பும். லூமென் கூடக் கூடச் சுவரும் கெட்டியாகும்.

இங்கே பார்க்க வேண்டியது கேண்டலா, அதாவது கற்றை எவ்வளவு குவிந்திருக்கிறது என்பது. 3,000 லூமெனை 120 டிகிரிக்கு விரித்தால் சுமார் 1,000 கேண்டலாதான். 1,000 லூமெனை 10 டிகிரிக்குள் குவிக்கும் டார்ச் பக்கவாட்டில் சிந்துவது போக 15,000 கேண்டலாவுக்கு மேல் தரும். மூன்றில் ஒரு பங்கு லூமென், பதினைந்து மடங்கு குவிப்பு. காசிமேட்டுக்கு எனக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

அளப்பதும் எளிது. இருட்டான மொட்டைமாடியில் டார்ச்சிலிருந்து சரியாக 5 மீட்டர் தள்ளிப் போனின் சென்சாரை வைத்து, கற்றையின் நடு மையத்தை அதன்மேல் விழச்செய்து லக்ஸைப் பாருங்கள். அதை 25-ஆல் பெருக்கினால் கேண்டலா. தண்ணீர் இல்லாததால் சில நொடியில் முடித்துவிடுங்கள். பெட்டியில் ‘200 மீட்டர் பாயும்’ என்று போட்டிருப்பதும் இதே கேண்டலாவிலிருந்து, காற்றில், தெளிந்த வானில் முழு நிலா வெளிச்சத்துக்கு இணையான 0.25 லக்ஸ் விழும் தூரத்தைக் கணக்கிட்டுச் சொல்வது. தண்ணீருக்குள் அந்த மீட்டர் கணக்குக்கு ஒரு பொருளும் இல்லை.

தட்டைக் கண்ணாடி டார்ச் என்றால் தண்ணீருக்குள் கற்றை இன்னும் குறுகும். காற்றில் 10 டிகிரி இருந்தால் உள்ளே ஏழரை. கலங்கலில் டார்ச்சைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்காமல் கையை நீட்டிப் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். தூசி மின்னுவது நன்றாகக் குறையும்.

தெளிந்த தண்ணீரில் மீனையும் பவளத்தையும் படம் எடுப்பவர்களுக்கு இது தலைகீழ். தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்கும், சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு சாம்பலாகத் தெரியும். நிறத்தைத் திருப்பிக் கொண்டுவர அகலமான, சி.ஆர்.ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்குப் போடும் மதிப்பு) 90-க்கு மேலுள்ள விளக்கு வேண்டும். இரண்டு வேலைக்கும் ஒரே டார்ச் தேடாதீர்கள்.

எவ்வளவு நேரம் வேண்டும்

தண்ணீருக்குள் இருக்கப்போகும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதுவும் வாளியில் அளந்த பாதி வெளிச்சக் கணக்கில். 40 நிமிட வேலைக்கு 60 நிமிட டார்ச். இரவில் இறங்கினால் இரண்டாவது டார்ச் கட்டாயம், அதையும் வாளியில் சோதித்திருக்க வேண்டும். புரொப்பல்லர் பக்கம் போவதென்றால் இன்ஜின் சாவி உங்கள் ஆளின் கையில் இருக்க வேண்டும், துறைமுகத்துக்குள் இறங்க அனுமதியும் வேண்டும். எந்த டார்ச்சும் இதற்கு ஈடாகாது.

வாளிச் சோதனையில் தண்ணீர் புகவில்லை என்பதால் ஆழத்திலும் புகாது என்று எண்ணாதீர்கள். 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மூடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு மணல் துகளோ முடியோ இருந்தால் போதும், உப்புத்தண்ணீர் உள்ளே வந்துவிடும். அப்படி நனைந்த டார்ச்சுக்குள் வாயு அடைத்திருக்கலாம். திறக்கும்போது முகத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டாம்.

படகுத் துறைத் தண்ணீரில் மிதக்கும் டீசல் படலம் கண்ணாடியில் ஒட்டி வெளிச்சத்தைத் தின்னும். வெளியே வந்ததும் சோப்புத்தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் ஊறவிட்டுத் துடையுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை

சில நூறு முறை சார்ஜ் ஏற்றிய செல்லில் ஐந்தில் ஒரு பங்கு கொள்ளளவு போய்விடும். சித்திரை வெயிலில் பைக் டிக்கியிலோ படகு கேபினிலோ கிடந்தால் இன்னும் சீக்கிரம் போகும். கொஞ்ச நாள் எடுக்கப்போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில், நிழலான இடத்தில் வையுங்கள். விமானத்தில் போகும்போது உதிரி செல்கள் கைப்பையில்தான் வர வேண்டும், ஒவ்வொன்றும் தனித்தனி உறையில்.

தடைக்காலம் முடியும் முன் அதே பாத்ரூம், அதே வாளி, அதே போனில் சோதனையைத் திரும்பச் செய்து, வந்த நிமிடத்தையும் தேதியையும் ஒரு டேப்பில் எழுதி டார்ச்சின் மேல் ஒட்டிவிடுங்கள். புதிதில் 70 நிமிடம் வந்தது 50-க்கு இறங்கினால் செல்லை மாற்றும் நேரம் வந்துவிட்டது. பழைய செல்லின் இரு முனையிலும் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்திலோ வாங்கிய கடையிலோ கொடுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள்படி திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. மாநகராட்சிக் குப்பைத்தொட்டியில் போட்டால் அது லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கலாம், இல்லாவிட்டால் நேராகக் கொடுங்கையூர் குப்பை மேட்டுக்குப் போகும்.